வேறு கம்பெனி வாசலில் என் வண்டி

போன வருடம் கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு சவாரி போனபோது, மூணாறுக்கு அப்புறம் மலைப் பாதையில் நடந்தது இது. இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் முதலில் வெட்கமாக இருக்கும். அதற்குப் பின்னாலேயே ஒரு தெம்பும் வரும்.

நான் சித்தூர் டாக்சி ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆட்களிடம் போய்ப் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. சாப்பாட்டுக் கடையில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பதற்குக்கூட நாலு தடவை யோசித்துவிட்டு, கடைசியில் கேட்காமலேயே எழுந்து கை கழுவப் போய்விடுவேன். டீசல் வண்டியை விட்டுவிட்டு மின்சாரக் கார் எடுத்த பிறகு ஸ்டாண்டில் இருப்பவர்களுக்குக் கேலி பேச இன்னும் வசதியாகிவிட்டது. வண்டியும் சத்தம் போடாது, ஆளும் சத்தம் போடமாட்டான் என்பார்கள்.

வண்டியைப் பெரும்பாலும் வீட்டில்தான் சார்ஜ் போடுவேன். தூரமாகப் போனால் எங்கள் கம்பெனி ஷோரூம்களில் இருக்கும் வேகச் சார்ஜரில் போடுவேன். வண்டி எடுத்த அன்று ஷோரூம்காரர் என் செல்போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்து, எதை எதை அமுக்க வேண்டும் என்று காட்டினார். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அந்த எழுத்து தெரியாது, நிறம் தெரியும். முதலில் பச்சைக் கட்டம், பிறகு மின்னல் படம், கடைசியில் நீலப் பட்டை. அவ்வளவுதான் என் படிப்பு. ஒன்றரை வருடம் அதை வைத்தே ஓட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவர் ஸ்டாண்டுக்கு வந்தார். கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறவர், முகம் பழக்கம். அவர் மனைவிக்கு அரசுத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. வேலையில் சேர ஆணையில் கொடுத்திருந்த கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மருத்துவச் சான்றிதழ் கைக்கு வந்ததே புதன்கிழமைதான். வியாழன் போகலாம் என்றால் இடுக்கியில் ஹர்த்தால், ஒரு வண்டியும் ஓடவில்லை.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அங்க போய்க் கையெழுத்துப் போடோணுமுங்ணா. இல்லீன்னா வேல போச்சு. இனி பரிச்சை எழுத அவளுக்கு வயசுமில்லீங்க. பஸ்ஸு மாறி மாறிப் போனா ஆகாது" என்றார்.

அப்போது முறை என்னுடையது. வரிசையில் என் வண்டிதான் முதலில் நின்றது. எனக்குப் பின்னால் நின்ற டீசல் வண்டிக்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "மலைக்கா? அவன்றது கரண்டு வண்டிங்க. பாதியில நின்னுதுன்னா ஒயரு கொண்டுட்டு ஓடறது ஆருன்னு இப்பவே கேட்டு வெச்சுக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

முறையை அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் கூச்சப்படுகிறவனுக்கு ரோஷம் கிடையாது என்று யாரும் நினைக்கவேண்டாம். "காலீல ஆறு மணிக்கு வந்தர்றனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். வீட்டில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டால் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போய்விடலாம். மூணாறில் எங்கள் கம்பெனி சார்ஜர் இருக்கிறது. அங்கே முக்கால் மணி நேரம் போட்டால் மிச்ச மலைக்குப் போதும்.

காலையில் இரண்டு பெட்டி, ஒரு தலையணை, ஒரு ஸ்டவ் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டீச்சர் பின்னால் உட்கார்ந்தார். நாற்பதை நெருங்குகிற வயது. சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்திருந்தவர் சின்னாறு செக்போஸ்ட்டில் டீ குடிக்க இறங்கும்போதுகூட அதைக் கீழே வைக்கவில்லை. அவர் கணவர் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்ணா, வண்டி ஓடுதுங்களா, உருளுதுங்களா? சத்தத்தையே காணோம். நம்ம களத்துத் தட்டு வண்டி இதுக்கு மேல சத்தம் போடுமுங்க."

"நீங்க போடற சத்தம் பத்தாதுங்களா?" என்றார் டீச்சர் பின்னாலிருந்து.

மறையூர் தாண்டும்வரை இப்படித்தான் போயிற்று. மூணாறு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றேகால். வண்டியில் இருபத்தொன்பது சதவீதம் மிச்சம். எல்லாம் நான் போட்ட கணக்குப்படியே இருந்தது, சார்ஜரைத் தவிர. அதன் திரை கறுத்துக் கிடந்தது. பிளாஸ்டிக் சாக்கு ஒன்றைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். என் செல்போனில் பார்த்தால் பச்சையாகத்தான் காட்டியது.

ஷோரூமுக்குள்ளே போய், எப்போது சரியாகும், பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்குள்ளே கோட்டுப் போட்ட இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு முடியட்டும் என்று வெளியே நின்றேன். முடியவில்லை. திரும்பி வந்து வண்டியை எடுத்தேன்.

"கரண்டு போடலீங்களா?" என்றார் கணவர்.

"பத்துமுங்க" என்றேன்.

பத்தாது. இன்னும் எழுபத்தைந்து கிலோமீட்டர் இருந்தது, எல்லாம் ஏற்றமும் இறக்கமும். இறக்கத்தில் கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும், அதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நாலு கேள்வி வருமே என்றுதான் பயம்.

மூணாறைத் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் ஒரு ஹோட்டல் வந்தது. அதன் முற்றத்தில், ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி, ஆள் உயரத்துக்கு ஒரு வேகச் சார்ஜர். மேலே பெரிய பலகை. வேறொரு கார் கம்பெனியின் சின்னம். அந்தக் கம்பெனியின் கார் ஒன்று அங்கே சார்ஜில் நின்றது. வாசலில் காவல்காரர் ஒருவர் என்னைப் பார்த்து விசில் அடித்துக் கையை வீசினார். நான் காலை அழுத்தி வேகமாகப் போய்விட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஸ்டாண்டு வண்டி இன்னொரு ஸ்டாண்டில் போய் நிற்கக்கூடாது. அங்கே சவாரி ஏற்றக்கூடாது, நிழலுக்காகக்கூட ஒதுங்கக்கூடாது. ஒதுங்கினால் இப்படித்தான் விசில் வரும், கை வீசுவார்கள், நாலு பேர் வந்து வண்டியைச் சுற்றி நிற்பார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓட்டினவன் நான். அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கு அது இன்னொருவர் ஸ்டாண்டாகத்தான் தெரிந்தது. அவர்கள் சார்ஜர், அவர்கள் வண்டிக்கு. எனக்கு அங்கே என்ன வேலை?

அதற்கு மேல் பாதை ஏறிக்கொண்டே போயிற்று. மூடுபனி இறங்கியதால் விளக்கும் போட வேண்டியிருந்தது. இருபத்தாறு, இருபத்து மூன்று, இருபது என்று குறைந்துகொண்டே வந்தது. ஒன்பது கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி ஒரு மணி அடித்து, திரையில் ஆரஞ்சு நிறத்தில் பதினேழு என்று காட்டியது. அந்தச் சார்ஜுக்கு இனி ஓடக்கூடியது இருபத்தெட்டு கிலோமீட்டர். போக வேண்டியது அறுபதுக்கு மேல்.

தேயிலைத் தோட்டத்து லாரி நின்று கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்த வளைவில் வண்டியை ஓரம் கட்டினேன்.

"சார்ஜு பத்தாதுங்க" என்றேன்.

கணவர் முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு திரையைப் பார்த்தார்.

"ஏனுங், மூணாறுலயே சொல்லியிருந்தா வேற வண்டி புடிச்சிருப்பமில்ல? இந்தக் காட்டுல கொண்டாந்து நிறுத்திப்போட்டுச் சொல்றீங்களே. நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தானுங் எங்களுக்குத் தெரியும்?"

அவர் இறங்கிப் போய், வருகிற ஜீப்புகளை எல்லாம் கைகாட்டி நிறுத்தப் பார்த்தார். முந்தின நாள் ஹர்த்தாலுக்குச் சேர்த்து அன்றைக்கு எல்லாமே ஆள் நிறைந்து போயின. ஒருவரும் நிற்கவில்லை.

டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "வர்ற வழியில ஒரு ஓட்டல்ல மெசின் பாத்தனுங்களே" என்றார்.

"அது வேற கம்பெனிதுங்க டீச்சர்."

"வேற கம்பெனின்னா?"

"அவுங்க ஸ்டாண்டு மாதிரிங்க. நம்ம வண்டி அங்க நிக்கக்கூடாது."

"நிக்கக்கூடாதுன்னு சொன்னாங்களாண்ணா?"

நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

"அப்ப திருப்புங்க" என்றார் டீச்சர். அப்போதுதான் கவனித்தேன், ஃபைலின் ஓரத்தை விரலால் சுருட்டிச் சுருட்டி அது கந்தலாகியிருந்தது. திரும்பிப் போகிற வழியில் சிக்னல் கிடைத்த இடத்தில் அந்தப் பள்ளித் தலைமையாசிரியைக்குப் போன் பண்ணினார். ஐந்து மணிவரை ஆபீஸில் இருப்பேன், அதற்கு மேல் நான் நினைத்தாலும் இன்றைய தேதியில் சேர்க்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

ஹோட்டலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. உள்ளே போகாமல் எதிர்ப்பக்கம் ரோட்டோரமாக நிறுத்தினேன். முதலில் பார்த்த அதே கார் இன்னும் சார்ஜில் நின்றது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கன்னியாஸ்திரி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். நான் வண்டிக்குள்ளேயே இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து ரோட்டைத் தாண்டி வந்தார். தொண்டை கட்டியிருந்தது. கரகரவென்று ரகசியம் பேசுகிற மாதிரிதான் குரல் வந்தது.

"என்ன அண்ணாச்சி, இங்கனயே நின்னா சார்ஜு ரோட்டைத் தாண்டி நடந்து வந்து ஏறுமா?"

"நம்மளது வேற கம்பெனி வண்டிங்க சிஸ்டர்."

"தெரியுது. கண்ணு இருக்கு. அதுக்கென்ன?"

அதற்குள் டீச்சரின் கணவர் இறங்கி, வேலை, கடைசி நாள், ஐந்து மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். சிஸ்டர் டீச்சரைப் பார்த்தார், மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தார். பிறகு போய்த் தன் வண்டித் திரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நடுவுல கரண்டு போயிட்டு, எனக்கு நாப்பத்தாறுதான் ஏறியிருக்கு. மடத்துக்கு இங்கருந்து இறக்கந்தான். உங்களுக்குப் போட்டுட்டு நீங்க போன பொறவு மிச்சத்தைப் போட்டுக்கிடுதேன். வண்டியை உள்ள கொண்டாங்க."

சொல்லிவிட்டுச் சார்ஜை நிறுத்தி, தன் காரைப் பின்னால் எடுத்து இடம் விட்டார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிலில் முறையை விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை. அதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு தடவை எங்கள் ஸ்டாண்டில் வெளியூர் வண்டி ஒன்று கைக்குழந்தைக்காரி ஒருத்தியை ஏற்றியது. எங்கள் ஆட்கள் அந்த வண்டியை மறித்து, அவளை இறக்கி, வரிசையில் முதலில் நின்ற எங்கள் வண்டியில் ஏற்றினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். பேசவில்லை, ஆனால் நின்றேன். இந்த அம்மா யாரென்று தெரியாத ஒருவருக்கு, வேறு கம்பெனி வண்டிக்கு, கடலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து இடம் விடுகிறார்.

வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். சார்ஜரிலிருந்து வரும் தடித்த வயரின் நுனியில் துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும். கன் என்போம். அதைக் கையில் எடுத்தேன்.

"இது என்ற வண்டிக்குச் சேருங்களா சிஸ்டர்?"

"போட்டுப் பாருங்க. கடிக்காது."

போட்டேன். எங்கள் ஷோரூமில் போடும்போது எப்படி டக் என்று உட்காருமோ அப்படியே உட்கார்ந்தது. அதே அளவு, அதே வடிவம். ஒன்றரை வருடமாக எத்தனையோ ஊர்களில் இந்தப் பலகையைப் பார்த்துவிட்டு விலகிப் போயிருக்கிறேன்.

ஆனால் சார்ஜ் ஏறவில்லை. அதற்கு அந்தக் கம்பெனி ஆப் வேண்டும். என் செல்போனை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் அதை மேலே தூக்கிப் பார்த்தார், கீழே இறக்கிப் பார்த்தார். சிக்னல் இல்லை.

"அந்தா, குருசடிகிட்டப் போங்க" என்று சிஸ்டர் கை காட்டினார். ரோட்டு வளைவில், நூறு அடிக்கு மேல் தள்ளி, மாதா சொரூபம் வைத்த சின்னக் குருசடி இருந்தது. "இந்த ஏரியாவுல மாதாவுக்கு மட்டுந்தான் டவர் கிடைக்கும்."

கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று ரோட்டில் ஜீப்பை மறிக்கப் போய்விட்டார். நானும் டீச்சரும் குருசடிக்கு ஓடினோம். ஆப் மெதுவாக இறங்கியது. டீச்சர் செல்போனை என்னிடம் நீட்டி, "உங்க பேரக் கேக்குதுங்ணா. நீங்களே அடிச்சுருங்க" என்றார்.

நான் வாங்கவில்லை. "எனக்கு இங்கிலீஷு தெரியாதுங்க டீச்சர். நாலாங்கிளாஸுதானுங்க" என்றேன். ஸ்டாண்டில் யாருக்கும் இதை நான் சொன்னதில்லை.

"அதனால என்னங்ணா, நானும் நாலாங்கிளாஸு வரைக்குந்தான் எடுக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே என் பெயரை அடித்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அடுத்து வண்டி எது என்று கேட்டது. கார்களின் படங்களாக ஒரு பட்டியல் வந்தது. முதலில் அவர்கள் கம்பெனிக் கார்கள். டீச்சர் விரலால் தள்ளத் தள்ள வேறு கம்பெனிக் கார்கள் வந்தன. ஒன்று, இரண்டு, நாலு. அதில் என் வண்டி இருந்தது. அதே மூக்கு, அதே விளக்கு. எழுத்து தெரியாதவனுக்கும் தன் வண்டி தெரியாதா? "இதுதானுங்க" என்று தொட்டேன். யாரோ ஒருவர், என்னைத் தெரியாதவர், நான் வருவேன் என்று நினைத்து என் வண்டியை அந்த வரிசையில் போட்டு வைத்திருக்கிறார்.

ஓடிபி வந்தது. கட்ட வேண்டியதை டீச்சர் கட்டி முடித்தார். கடைசியாக, எந்தச் சார்ஜர், அதன் மேல் எழுதியிருக்கும் எண் என்ன என்று கேட்டது. செல்போனைக் கொண்டு கிட்டே போனால் சிக்னல் போய்விடும்.

"நீங்க போய்ப் படிச்சுச் சொல்லுங்ணா. நான் இங்கிருந்து அடிக்கறேன். சீக்கிரமுங்க, நேரம் ஓடுது."

நான் ஓடினேன். ஆறு இலக்க எண். எண் எனக்குத் தெரியும். திரும்பி நின்று சொன்னேன்.

டீச்சர் காதருகே கை வைத்துக்காட்டினார். கேட்கவில்லை.

இன்னொரு முறை சொன்னேன். கேட்கவில்லை. ஹோட்டல் படியில் இருபது முப்பது சுற்றுலாக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நீங்கள் சொல்லுங்களேன் என்கிற மாதிரி சிஸ்டரைப் பார்த்தேன்.

அவர் தொண்டையைத் தொட்டுக்காட்டினார். "எனக்குக் குரலே இல்ல அண்ணாச்சி. இருக்குதவங்கதான் போடணும். நீங்க சொல்லுதது உங்க சட்டைப் பொத்தானுக்கே கேக்காது போலுக்கே."

ரோட்டு வளைவில் டீச்சர் செல்போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடுபனியில் அவர் சேலை நிறம் மட்டும்தான் தெரிந்தது. அவர் வேலையும் அந்த நிமிடம் என் தொண்டையில்தான் இருந்தது. ஐந்து மணி தாண்டிவிட்டால் அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஏன் சேரவில்லை என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் என்ன சொல்வாள்? டிரைவருக்குக் கூச்சம் என்றா?

மூச்சை இழுத்து, என் வாழ்க்கையில் அதுவரை போடாத சத்தத்தில் அந்த எண்ணைக் கத்தினேன். ஒவ்வொரு இலக்கமாக, ஏலம் விடுகிறவன் மாதிரி. எதிர் மலையில் பட்டு அது திரும்பி வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். டீச்சர் கையைத் தூக்கினார். எனக்குப் பின்னால் சார்ஜர் களக் என்று ஒரு சத்தம் போட்டது, விசிறி சுற்ற ஆரம்பித்தது, என் வண்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

படியில் யாரோ கைதட்டினார்கள். இன்னும் ரெண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோட்டிலிருந்து ஓடி வந்த கணவர், "கத்தினது நீங்களாங்ணா? நான் யாரோ வண்டியில அடிபட்டுட்டாங்கன்னு ஓடியாரேன்" என்றார்.

நாற்பது நிமிடம் ஏற வேண்டியிருந்தது. சிஸ்டர் எல்லோருக்கும் கடலை கொடுத்தார். எங்களுக்குக் கொடுத்ததில் பாதி அவர் மடத்துப் பிள்ளைகளுக்கு வாங்கியது என்று பிறகுதான் சொன்னார். நான் நாலாங்கிளாஸ் என்பது கணவருக்கும் தெரிந்துபோயிற்று. "அப்ப பரவால்லீங்ணா. இவ பள்ளிக்கூடத்துல நீங்க வாத்தியாராவே சேர்ந்துக்கலாம்" என்றார். முன்பு கோபமாகப் பேசியதற்கு அவர் கேட்ட மன்னிப்பு அது என்று எனக்குப் புரிந்தது.

காவல்காரர் பக்கத்தில் வந்து நின்றார். மலையாளத்தையும் தமிழையும் கலந்து பேசினார். "முன்னே போகும்போ நான் விசிலடிச்சு விளிச்சல்லோ? கேறி வா, கேறி வான்னு கையும் காட்டி. நீ என்னத்துக்கு ஓடிப் போச்சு?"

உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார் மனிதர். நான் விரட்டுகிறார் என்று ஓடியிருக்கிறேன். போக ஒன்பது, வர ஒன்பது, பதினெட்டு கிலோமீட்டர் அந்தக் கையைத் தப்பாகப் பார்த்ததற்கு.

ஒன்றரை மணி தாண்டி அறுபத்தெட்டு சதவீதம் வந்ததும் கன்னைக் கழற்றினேன். சிஸ்டரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கையைக் கூப்பினேன். அவர், "கும்பிட்டுக்கிட்டு நிக்காதீங்க. கிளம்புங்க. நான் என் வண்டியைப் போடணும்" என்று அந்தக் கரகரத்த குரலில் விரட்டினார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பூப்பாறை தாண்டி ஓரிடத்தில் ரோடு வேலை நடந்ததால் கால் மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. வழக்கமாக அப்படி நிறுத்தினால் மற்றவர்கள் எடுக்கும்வரை நானும் சும்மா நிற்பேன். அன்றைக்கு இறங்கிப் போய், கொடி பிடித்து நின்றவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்லி எங்களை முதலில் விட்டார்.

பள்ளிக்கூடம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது மணி நாலே கால் தாண்டி ஐந்து நிமிடம். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். தலைமையாசிரியை வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே மேசையில் பதிவேட்டைத் திறந்தே வைத்திருந்தார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார். நாங்கள் இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். தலைமையாசிரியை தேதிக்குப் பக்கத்தில் பிற்பகல் என்று எழுதி நோட்டைத் திருப்பி வைத்தார். டீச்சர் பேனாவை எடுத்தார். பேனாவை ஒரு முறை கீழே வைத்து, கையை உதறி, மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசின கணவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார்.

என் வண்டியில் அப்போது இருபது சதவீதம்கூட இல்லை. திரும்பிப் போக வேண்டும். பள்ளிக்கு எதிரே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்று இருந்தது. முன்பென்றால் அதன் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு யாராவது என்னவென்று கேட்பார்களா என்று காத்திருந்திருப்பேன். அன்று நேராகப் படியேறி, இந்த வண்டிக்கு ராத்திரிக்கு ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா என்று நானே கேட்டேன். அவர்கள் ஏலக்காய் மூட்டைகளை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாம்பார் இரண்டாம் முறை கேட்க மட்டும் இன்னும் வரவில்லை.

கூச்சம் என்பது எனக்கும் என் தொண்டைக்கும் நடுவில் உள்ள சங்கதி, அதனால் வேறு யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அந்த வயதுவரை நினைத்திருந்தேன். அடக்கமானவன், யார் வம்புக்கும் போகாதவன் என்று ஊரில் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். அன்று ஒரு பெண்ணின் இத்தனை வருடப் படிப்பையும் காத்திருப்பையும் அந்தக் கூச்சம் மலையோரத்தில் நிறுத்தி வைக்கப் பார்த்தது. அடைத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்ட வாசல் திறந்தேதான் இருந்தது. இப்போதும் தெரியாத இடத்தில் போய்க் கேட்க வேண்டி வந்தால் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இன்றைக்கு எங்கே, எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டியவர் என்று ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன், உடனே இறங்கிப் போய்க் கேட்டுவிடுகிறேன்.